பிஎம்சியில் டைரக்டரி உள்நுழைவு: சான்றிதழ் ஏற்றிய பிறகும் டிஎல்எஸ் இணைப்பு தோல்வி

கேள்வி:
வணக்கம். என் பொறுப்பில் உள்ள 12 சர்வர்களின் பிஎம்சிகளில் (சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க மதர்போர்டில் உள்ள தனிச் சிறு கணினி) அனைவரும் ஒரே நிர்வாகிக் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரும் தம் ஆக்டிவ் டைரக்டரி (நிறுவனத்தின் பயனர் கணக்குகளை ஓரிடத்தில் வைக்கும் சேவை) கணக்கின் மூலமே உள்நுழையும்படி செய்ய முயன்று வருகிறேன். பிஎம்சியிலேயே சிஎஸ்ஆர் (சான்றிதழ் கோரும் கோப்பு) உருவாக்கி, எங்கள் உள் சிஏவிடம் (சான்றிதழ்களுக்குக் கையொப்பமிடும் அமைப்பு) கையொப்பம் பெற்று ஏற்றினேன். உலாவி இப்போது எச்சரிக்கை எதையும் காட்டுவதில்லை. ஆனால் டைரக்டரி பக்கத்தில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால், டொமைன் கன்ட்ரோலரின் (ஆக்டிவ் டைரக்டரியை இயக்கும் சர்வர்) 636ஆம் போர்ட்டை எட்டியது வெற்றி என்றும், அடுத்த வரியிலேயே டிஎல்எஸ் (மறையாக்கப்பட்ட பாதுகாப்பு இணைப்பு) தோல்வி என்றும் வருகிறது. டைரக்டரி சர்வருக்கு ஐபி முகவரியைக் கொடுத்திருக்கிறேன். சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிட்டால் சோதனை தேறிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில் 1:
தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பயனர் தட்டச்சு செய்யும் டொமைன் கடவுச்சொல்லை பிஎம்சி அந்த இணைப்பின் வழியாகத்தான் அனுப்புகிறது. மறுமுனையில் இருப்பது உண்மையான டொமைன் கன்ட்ரோலர்தானா என்று பாராமல் அனுப்பினால், இடையில் புகுந்தவர் எவரும் அதைப் படித்துவிட முடியும்.

நீங்கள் ஏற்றியது, பிஎம்சி உங்கள் உலாவியிடம் தன்னை நிரூபித்துக்கொள்ளும் சான்றிதழ். டைரக்டரி இணைப்பில் பிஎம்சியே கிளையண்ட். அங்கே டொமைன் கன்ட்ரோலர் காட்டும் சான்றிதழை அதுதான் சோதிக்கிறது. ஆகவே, அந்தச் சான்றிதழுக்குக் கையொப்பமிட்ட சிஏவின் வேர்ச் சான்றிதழையும், இடைநிலை சிஏ இருந்தால் அதனுடையதையும், டைரக்டரி பக்கத்தில் அதற்கென உள்ள இடத்தில் தனியாக ஏற்ற வேண்டும். பல பிஎம்சிகள் பேஸ்64 வடிவத்தையே ஏற்கும். கோப்பை நோட்பேடில் திறந்தால் முதல் வரி ஐந்து சிறுகோடுகளுடன் தொடங்க வேண்டும், புரியாத குறிகள் தெரிந்தால் அது டிஈஆர் என்ற பைனரி வடிவம்.

அடுத்து, ஐபி முகவரியை எடுத்துவிட்டு முழு டொமைன் பெயரைக் கொடுங்கள். டொமைன் கன்ட்ரோலரின் சான்றிதழில் வழக்கமாகப் பெயர்தான் இருக்கும், ஐபி இருக்காது. எனவே பெயர்ப் பொருத்தம் தவறிவிடும். அந்தப் பெயரைத் தேடி அறிய பிஎம்சிக்கென்று தனி டிஎன்எஸ் (பெயருக்குரிய ஐபி முகவரியைத் தரும் சேவை) அமைப்பு வேண்டும், ஏனெனில் இயங்குதளத்தில் உள்ள டிஎன்எஸ் அமைப்பை அது பயன்படுத்தாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சிஏ சங்கிலியை ஏற்றி, முழுப் பெயரைக் கொடுத்ததும் 11 சர்வர்களில் டிஎல்எஸ் தேறிவிட்டது. மீதமுள்ள ஒன்றில் அண்மையில் மதர்போர்டு மாற்றப்பட்டது. அதன் நிகழ்வுப் பதிவைத் திறந்தபோது எல்லா வரிகளிலும் 1970 ஜனவரி 1 என்றே இருந்தது. இப்போது இன்னொரு சிக்கல்: என் சோதனைக் கணக்கு கடவுச்சொல்லைத் தாண்டுகிறது, ஆனால் அதற்கு எந்த உரிமையும் இல்லை என்று அந்த 11 சர்வர்களும் மறுக்கின்றன.

பதில் 2:
அந்த ஒரு சர்வரின் பிஎம்சிக்கு என்டிபி (வலையமைப்பின் வழியே சரியான நேரத்தைப் பெறும் வசதி) கொடுங்கள். கடிகாரம் 1970இல் நின்றால், செல்லுபடியாகும் காலம் இன்னும் தொடங்காத சான்றிதழாகவே எதையும் அது காணும்.

உரிமைச் சிக்கலுக்கும் சான்றிதழுக்கும் தொடர்பில்லை. கடவுச்சொல் ஏற்கப்பட்டதே அதற்குச் சான்று. சோதனைக் கணக்கு எந்தக் குழுவில் நேரடியாக உள்ளது என்று பாருங்கள். ஒரு குழுவுக்குள் இன்னொரு குழு இருந்தால், பயனரின் மெம்பர்ஆஃப் பண்பில் நேரடிக் குழுக்கள் மட்டுமே வரும்; 1.2.840.113556.1.4.1941 என்ற பொருத்த விதியுடன் தேடினால்தான் உள்ளடுக்குகளும் கிடைக்கும், அவ்வாறு தேடாத பிஎம்சிகள் உண்டு. குழுவின் முழு டிஎன் பெயரையும் (டைரக்டரியில் அது இருக்கும் இடத்தைக் காட்டும் முழுப் பெயர்), ஓயூ (டைரக்டரியின் உட்பிரிவு) பகுதி உட்பட, டைரக்டரியில் இருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நீங்கள் சொன்னதே காரணம். சோதனைக் கணக்கு ஒரு துணைக்குழுவில் மட்டுமே இருந்தது. பிஎம்சி நிர்வாகிகளுக்கென ஒரு குழுவை உருவாக்கி, கணக்குகளை அதில் நேரடியாகச் சேர்த்ததும் உள்நுழைவு கிடைத்துவிட்டது. என்டிபிக்குப் பிறகு பன்னிரண்டாவது சர்வரும் சரியாகிவிட்டது. பழைய பகிர்வுக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, டைரக்டரியே எட்டாத நேரத்துக்காக ஒவ்வொரு பிஎம்சியிலும் ஒரேயொரு உள்ளூர்க் கணக்கை, தனித்தனிக் கடவுச்சொல்லுடன் வைத்திருக்கிறேன். சரிபார்ப்பு எல்லாவற்றிலும் இயக்கத்தில் உள்ளது.