அப்பாவின் பத்மினி வெயிலில் நின்றுவிடுகிறது: என்ன பார்க்கலாம்?

கேட்டவர் (திருச்சி)

வணக்கம். வண்டி 1979 பிரீமியர் பத்மினி. காலையில் ஒரே செல்ஃபில் பிடித்துவிடும், ஊருக்குள் ஒரு தொல்லையும் இல்லை. வெயிலில் புதுக்கோட்டை சாலையில் போனால் கீரனூர் தாண்டியதும் இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நின்றுவிடுகிறது. நிழலில் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி கிளம்புகிறது. பிளக், பாயிண்ட் எல்லாம் புதிது. கார்புரேட்டரும் கழற்றிக் கழுவியாயிற்று. பட்டறையில் காட்டினால், இந்த என்ஜினை இறக்கிவிட்டு வேறு வைத்துவிடலாம் என்கிறார்கள்.

எனக்கு அதில் மனமில்லை. புதுக் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பள்ளி ஆசிரியரான அப்பா இதை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஸ்டியரிங்கை ஒட்டிய கியர், முன்னால் நீளமாக ஒரே சீட். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில்தான் என் இடம். முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் காற்று முகத்திலேயே அடிக்கும். இப்போது அவரால் ஓட்ட முடியாது. குலதெய்வம் கோயிலுக்கு இந்த வண்டியில்தான் போகணும் என்கிறார். அந்த என்ஜின் சத்தம் மாறக் கூடாது என்று எனக்கும் ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (சேலம்)

தம்பி, என்ஜினில் கை வைக்க விடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெட்ரோல் ஏர் லாக் ஆகிறது. இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் என்ஜின் பிளாக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்சித்தான் இழுக்கும். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவு, அதோடு என்ஜின் சூடும் சேர்ந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். பம்பின் டயஃப்ரம் (உள்ளே மேலும் கீழும் அசைந்து பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் தகடு) ஆவியைத் தள்ளப் பார்க்கும், கார்புரேட்டருக்குச் சொட்டு போகாது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் சீக்கிரம் ஆவியாகிறது.

அடுத்த முறை நின்றால் பம்பின் மேல் ஈரத் துணி சுற்றி, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடத்தில் கிளம்பினால் சந்தேகமே வேண்டாம். அந்தக் காலத்தில் பியட் (பத்மினிக்கு முந்தைய பெயர் அதுதான்) வைத்திருந்தவர்கள் டிக்கியில் ஒரு தண்ணீர் கேனும் பழைய துண்டும் இல்லாமல் வெளியூர் கிளம்ப மாட்டார்கள்.

பதில் (கோவை)

சேலத்து ஐயா சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் சூடாகி கரண்ட் நின்றாலும் இதே மாதிரிதான் நிற்கும், ஆறினால் கிளம்பும். டிஸ்ட்ரிபியூட்டர் கண்டென்சரும் அப்படியே. காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதால் நின்ற அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா பாருங்கள், கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்து. ஸ்பார்க் இருந்தால் ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் பீச்சுகிறதா பாருங்கள். பீச்சவில்லை என்றால் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. காசே இல்லாத வைத்தியம், அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை.

பதில் (சென்னை)

டேங்க் பக்கத்தில் எலக்ட்ரிக் பம்ப் ஒன்று போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது. உறிஞ்சாமல் தள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கான குறைந்த அழுத்த பம்பாக வாங்குங்கள், இல்லையென்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை மூடும் ஃப்ளோட் ஊசி தாங்காமல் பெட்ரோல் வழியும். எங்கள் வீட்டு அம்பாசிடரில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. வெயிலில் ஓட்டிப் பார்த்தேன், அதே இடத்தில் நின்றது. ஸ்பார்க் நன்றாக இருக்கிறது, டேங்க் மூடியிலும் குறை இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் பீச்சவில்லை. பம்பில் ஈரத் துணி சுற்றியதும் கிளம்பிவிட்டது! பம்பைக் கழற்றினால் டயஃப்ரம் ஊறி உப்பியிருக்கிறது. பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் வெறும் காகித கேஸ்கெட் மட்டும்தான் இருக்கிறது. அது போதுமா?

பதில் (சேலம்)

அங்கேதான் விஷயம். அந்த இடத்தில் சூடு கடத்தாத கெட்டியான பேக்கலைட் துண்டு ஒன்று இருக்க வேண்டும். யாரோ பம்ப் மாற்றும்போது விட்டுவிட்டார்கள். அதன் கனம் மாறினால் பம்ப் தண்டின் வீச்சும் மாறும், அதனால் தோராயமாக எதையாவது வெட்டி வைக்காதீர்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய பம்போடு சேர்த்துத் தேடினால் கிடைக்க வாய்ப்புண்டு. டயஃப்ரம் கிட் எத்தனால் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள், பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி இளகிவிடும். டேங்கில் படிந்திருந்த கசடையும் எத்தனால் கரைத்துக் கொண்டு வரும், அதனால் ஃபில்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

எலக்ட்ரிக் பம்ப் தப்பில்லை. ஆனால் அப்பாவுக்காகச் செய்கிறீர்கள், கம்பெனி வைத்தபடியே ஓடட்டும். 40 குதிரைத் திறன் என்ஜின்தான், அதையே வைத்துக்கொண்டு மும்பையில் 2023 அக்டோபர் வரை டாக்சி ஓட்டியிருக்கிறார்கள்.

கேட்டவர்

பேக்கலைட் துண்டு கிடைத்துவிட்டது ஐயா. நல்ல வெயிலில் கீரனூர் தாண்டி, நிற்காமல் புதுக்கோட்டை வரை போய் வந்தேன். அடுத்து பிரேக். நாலு சக்கரமும் டிரம். வீல் சிலிண்டர் ரப்பர்களை மொத்தமாக மாற்றிவிடலாமா, இல்லை கசிவதை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் (கோவை)

மொத்தமாக மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து. பெரியவரை உட்கார வைத்துப் போகிறீர்கள்.