அப்பாவின் நினைவு மலருக்கு எழுதுவது
குடும்பக் குழு: கந்தப்பளை (இலங்கை, நுவரெலியா) வீட்டார்

*பெரியண்ணன், காலை 6.50*
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட வருசத் திதிக்கு மலர் அடிக்கிறோம், 8 பக்கம். அச்சகத்துல ஒரு மாதிரி அனுப்பியிருக்காங்க: "அன்னார் தமக்குச் சொந்தமான நிலத்தில் இயற்கை விவசாயம் செய்து, பாசமிகு குடும்பத் தலைவராகத் திகழ்ந்தார்." பாத்துட்டுச் சொல்லுங்க.

*தங்கச்சி, 6.58*
அண்ணா, பாசமிகு இருக்கட்டும். மத்தது ரெண்டும் பொய். 😐

*பணியலய (கீழ் வரிசை வீட்டு) மாமா, 7.10*
பாப்பா சொல்றது சரி. அத்தான் யூரியா போட்டாரு, மருந்தும் அடிச்சாரு. இயற்கைனு போட்டா இந்த மலையில படிக்கிறவன் எல்லாம் சிரிப்பான்.

*மகன் (என் மகன்), 7.12*
தாத்தா எப்புடிச் செஞ்சாரோ அதையே எழுதுனா என்ன? மாசியில ரெண்டாவது படியில (சரிவுல வெட்டுன தட்டு) உருளைக்கிழங்கு போடப் போறேன். மலருக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு.

*பெரியண்ணன், 7.15*
நல்ல யோசனை. மாமா, நீங்கதான் கூட நின்னவரு. தண்ணியில இருந்து ஆரம்பிங்க.

*பணியலய மாமா, 7.31*
சரி. அரை ஏக்கர், நாலு படி, படிக்கு 20 பேர்ச்சு (ஏக்கருக்கு 160 பேர்ச்சு). இதுல முதல் வேலை கான், தண்ணி வடியிற வாய்க்கால். தோட்டத்துல கான் வெட்டுன கை அவருக்கு. தேயிலை மலைக்கு என்ன வாட்டமோ அதையே மரக்கறிக்கும் வச்சாரு: 10 அடிக்கு 1 அங்குலம் இறக்கம், 120க்கு 1. அதுக்கு மேல சரிஞ்சா தண்ணி ஓடி மண்ணை அரிக்கும். மட்டமா இருந்தா தண்ணி நின்னு கரைய உடைச்சுக்கிட்டு கீழ்ப் படியில எறங்கும்.

*பணியலய மாமா, 7.34*
அகலம் ஒன்றரை அடி, ஆழம் ஒன்றரை அடி. கானுக்குள்ள அங்கங்க மண்ணை வெட்டாம ஒரு தடுப்பு விடுவாரு. தடுப்போட தலை கான் கரையை விட தாழ்வா இருக்கணும். அடிச்சு வர்ற மண்ணு தடுப்புக்கு முன்னால தங்கும், மிச்சத் தண்ணி மேல வழிஞ்சு போகும். மழை விட்டதும் அந்த மண்ணை அள்ளி மேல் பாத்தியில போடணும். கீழ எறியக் கூடாது. எல்லாரும் சோம்பல்ல கீழதான் எறியிறாங்க. மேல் படி மெலியிறது அப்புடித்தான்.

*மகன், 7.36*
வாட்டம் எதை வச்சுப் பாத்தாரு? தோட்டத்து ரோட் டிரேசரா?

*பணியலய மாமா, 7.41*
அது ஒபிஸ் சாமான், யாரு குடுப்பா. மூணு கம்பை 'ஏ' எழுத்து மாதிரி கட்டி, உச்சியில இருந்து நூலு, நூலு நுனியில கல்லு. ரெண்டு காலுக்கும் நடுவுல 10 அடி. மட்டமான தரையில வச்சு, நூலு குறுக்குக் கம்புல தொடுற இடத்துல ஒரு கோடு. பிறகு ஒரு காலுக்கடியில 1 அங்குலப் பலகை வச்சு ரெண்டாவது கோடு. மலையில அந்த ரெண்டாவது கோட்டுல நூலு விழுறாப்புல காலை நகத்தி நகத்தி முளை அடிச்சுக்கிட்டே போகணும். காத்தடிக்கிற நேரம் நூலு ஆடும், விடியக்காலையில பாரு.

*நான், 7.44*
கரையில மானாப்புல்லு நட்டதையும் எழுதணும். வருசத்துக்கு ரெண்டு மூணு தடவை வெட்டி அதை அங்கேயே பாத்தியில மூடுவாரு. வெட்டாம விட்டா நெழல் விழுந்து முதல் வரிசை கோவா (முட்டைக்கோஸ்) கட்டாது.

*அண்ணன் மகள் (கொழும்பு), 8.02*
சொந்த நிலம் விசயம் என்ன? எங்க நிலம் இல்லையா?

*நான், 8.09*
இல்ல பாப்பா. தோட்டத்து நிலம். 1975ல தோட்டங்களை அரசாங்கம் எடுத்துச்சு, 1992ல நிர்வாகத்தைக் கம்பெனிகளுக்குக் குடுத்துச்சு. நிலம் இன்னும் அரசாங்கத்தோடதுதான். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடு) பின்னால தேயிலை ஏறாத பொட்டல்ல அப்பா செஞ்சாரு. உறுதி (காணிப் பத்திரம்) கெடையாது. உறுதி இல்லாததால அந்த நிலத்தைக் காட்டி பேங்க்ல கடன் வாங்க முடியாது. அதனாலதான் விதைக் காசை அப்புடிப் பூட்டி வச்சாரு. மலர்ல "தோட்டத்து நிலத்தில்"னு போட்டா போதும். வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

*பெரியண்ணன், 8.11*
மாத்திட்டேன். அடுத்தது பயிர் சுத்து.

*பணியலய மாமா, 8.26*
ஒரு படியில கிழங்கு, அதுக்குப் பின்னால லீக்ஸ் (வெங்காய வகை), அப்புறம் கோவா, அப்புறம் கரட் இல்லன்னா போஞ்சி (பீன்ஸ்). வருசத்துக்கு ரெண்டு போகம், அப்ப கிழங்கு அதே படிக்குத் திரும்ப 2 வருசம். கந்தப்பளையில பாதிப் பேரு காசு பாத்து கிழங்குக்கு மேல கிழங்கு போடுறாங்க. பக்டீரியா வாடல் மண்ணுக்குள்ள குடியேறுறது அதுலதான். தக்காளி, கறிமிளகா, கத்தரி எல்லாம் கிழங்குக்குச் சொந்தக்காரன். கிழங்குக்குப் பதிலா தக்காளி போட்டேன்னு சொன்னா அது சுத்து ஆகாது.

*மகன், 8.28*
டொலமைட் (சுண்ணாம்புத் தூள்) எந்தப் படிக்கு? ரெண்டாவதுக்கும் போடவா?

*பணியலய மாமா, 8.37*
போடாத! அத்தான் கோவாவுக்கு முன்னாலதான் போடுவாரு. 20 பேர்ச்சுக்கு 2 பேக், 100 கிலோ, நடுறதுக்கு 3 கிழமை (வாரம்) முந்தி தூவி மண்ணுல கலந்துருவாரு. நம்ம மண்ணு புளிப்பு. புளிப்பு மண்ணுல கோவா வேரு கட்டி கட்டியா வீங்கும், பகல்ல வாடி ராத்திரி நிமிரும், கடைசியில தலை கட்டாது. டொலமைட் அதைக் குறைக்கும். ஆனா டொலமைட் போட்ட ஒடனே கிழங்கு போட்டா தோல் முழுக்கச் சொறி வரும். புளிப்பு மண்ணுல சொறி அவ்வளவா வராது. கோவாவுக்கும் கிழங்குக்கும் நடுவுல கரட்டை வச்சது அதுக்கும்தான்.

*தங்கச்சி, 8.40*
கரட்டுக்குப் புது எரு போடாததும் இதே கணக்குல வருது. கோவாவுக்குப் போட்ட எரு அதுக்குள்ள மக்கிரும். பச்சை எருவுல கரட் காலு விரிஞ்சு ரெண்டு மூணாப் பிரியும். கல்லு இருந்தாலும் அதே கதி.

*அண்ணன் மகள் (கொழும்பு), 8.41*
இங்க கடையில காலு விரிஞ்ச கரட்டைப் பாதி விலைக்குத் தர்றாங்க 😄

*பெரியண்ணன், 9.15*
கிழங்கு நடுறதை மாமா முழுசா சொல்லுங்க. நடுப் பக்கத்துல போடுவோம்.

*பணியலய மாமா, 9.48*
வரிசைக்கு வரிசை 2 அடி, குழிக்குக் குழி 10 அங்குலம். கான், நடைபாதை போக ஒரு படிக்கு 3,000 குழி. விதை ஒண்ணு 40 கிராம், அப்ப 120 கிலோ. பெரிய விதைய வெட்டிப் போட மாட்டாரு. வெட்டுற கத்தியே வாடலை ஒரு கிழங்குல இருந்து அடுத்ததுக்குக் கொண்டு போகும். மக்குன மாட்டெரு 500 கிலோவுக்குக் குறையாம சால்ல போட்டு, டீஎஸ்பி (மணிச்சத்து உரம்) முழுசும், யூரியாவும் எம்ஓபியும் (சாம்பல் சத்து உரம்) பாதி. அதுக்கு மேல ரெண்டு விரக்கடை மண்ணு போட்டுத்தான் விதை. உரம் விதையில நேரா பட்டா முளை கருகிரும். மிச்சப் பாதி உரம் 4ஆம் கிழமை, மண்ணு அணைக்கிறப்ப. அணைக்கிறதைத் தள்ளிப் போட்டா வேரு, கிழங்கு விடுற தண்டு ரெண்டும் மம்பட்டியில அறுபடும். வெயில் பட்ட கிழங்கு பச்சையாகும், அது கசக்கும், திங்கக் கூடாது.

*மகன், 9.50*
வாடலை எப்புடிக் கண்டுபிடிக்கிறது? தண்ணி இல்லாம வாடுறதும் ஒண்ணு போலதானே இருக்கு?

*பணியலய மாமா, 9.57*
வாடுன செடித் தண்டை அடியில வெட்டி, தெளிஞ்ச தண்ணி உள்ள கண்ணாடி கிளாசுல வெட்டு வாய் மட்டும் நனையிற மாதிரி பிடி. கொஞ்ச நேரத்துல பால் நூலு மாதிரி எறங்குனா வாடல். எறங்கலன்னா வேற காரணம். வாடல்னா அந்தச் செடியையும் ரெண்டு பக்கத்துச் செடியையும் மண்ணோட எடுத்து பேக்ல கட்டி வெளிய கொண்டு போவாரு. கானுல எறிஞ்சா தண்ணியோட கீழ்ப் படிக்கு வந்துரும். அந்தப் படியில வேலை செஞ்ச மம்பட்டி கழுவாம வேற படிக்குப் போகாது.

*நான், 10.05*
கிழங்கோட வெளிறல் நோய்க்கு நான் எழுதுறேன். மூணு நாள் மூட்டமும் தூறலுமா இருந்தா அப்பா காலையில எலையத் திருப்பிப் பாப்பாரு. மேல நனைஞ்ச மாதிரி கருப்புப் புள்ளி, அடியில வெள்ளைப் பூஞ்சணம். அதுக்கப்புறம் மேன்கோசெப் அடிச்சு அந்த எலையக் காப்பாத்த முடியாது. அது மேல பூசி நிக்கிற மருந்து, நோய் ஏறாம தடுக்கும், அவ்வளவுதான். மூட்டம் கட்டுறதுக்கு முந்தியே அடிக்கணும், எலை அடிப்பக்கமும் நனையணும். 10 லீட்டருக்கு 20 கிராம், ஆனாலும் பேக்கட்டுல உள்ளதைப் படிச்சுக்க. பனித்தண்ணி காயிறதுக்கு முன்ன அடிச்சா வழிஞ்சிரும். நோய் பாதிச் செடிக்கு மேல ஏறிட்டா யோசிக்காம தழைய அறுத்து வெளிய போட்டுருவாரு. அறுத்து ரெண்டு கிழமை கழிச்சுத்தான் கிழங்கு தோண்டுறது. உடனே தோண்டுனா தழையில உள்ள நோய் கிழங்குல ஒட்டி, மூட்டையில அழுகும்.

*அண்ணன் மகள் (கொழும்பு), 10.11*
தையில உறைபனி விழுமே, அதுக்கு?

*பணியலய மாமா, 10.22*
மேகம் இல்லாத ராத்திரி, காத்தும் இல்லன்னா விழும். குளிர் காத்து தண்ணி மாதிரி பள்ளத்துக்குத்தான் எறங்கும். அதனால ஆகக் கீழ உள்ள நாலாவது படியில மார்கழி, தை மாசத்துல கிழங்கும் போஞ்சியும் நிக்காது. லீக்ஸோ கோவாவோ நிக்கும், அது தாங்கும். தப்பித் தவறி மாட்டிக்கிட்டா சூரியன் படுறதுக்கு முன்ன தண்ணி அடிச்சு எலையில உள்ள பனியக் கழுவிரணும். வெயில் வந்தப்புறம் அடிச்சுப் பலன் இல்ல, எலை கருகிரும்.

*தங்கச்சி, 11.30*
அம்மா குரல் பதிவு அனுப்ப மாட்டேங்குது. சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன்:
"சீ.ஆர். கொப்பியில (கணக்குக் கொப்பி) ஒவ்வொரு பயிருக்கும் ஒரு பக்கம். பால் காசு கடைக் கணக்குக்கு. ராபு (முள்ளங்கி) ஒன்றரை மாசத்துல வரும், அது கைச்செலவுக்கு. கரட் ஆனியில வெதைச்சா மூணு மாசத்துக்கு மேல கொஞ்சம் போகும், தீபாவளிக்கு முந்தி புடுங்கலாம். தீபாவளி முற்பணம் வாங்குனா மாசா மாசம் சம்பளத்துல வெட்டுவாங்கன்னு அவருக்குப் புடிக்காது. லீக்ஸ் நாத்து வைகாசியில, நடவு ஆடிக் கடைசியில, மார்கழியில விக்கிறது. தையில பள்ளிக்கூடம் தொறக்க சப்பாத்து, கொப்பி, பேக். கிழங்குக் காசு வந்ததும் முதல்ல அடுத்த போக விதைக் காசு தனியா. பொண்ணு கல்யாணத்துக்குக் கூட அதைத் தொடல, ஒரு மாட்டை வித்தாரு."

*பெரியண்ணன், 11.34*
இதை அப்படியே போடுறேன். ஒரு எழுத்து மாத்தல.

*நான், 11.40*
லீக்ஸைக் கடைசிச் செலவுக்கு வச்சதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. விலை விழுந்தா ரெண்டு மூணு கிழமை நிலத்துலயே விடலாம். கோவா நிக்காது, மழை பெஞ்சா வெடிச்சிரும். அதனால கோவா மூணு தவணையா நடுவாரு, 2 கிழமை இடைவெளி விட்டு. ஒரே லொறியில எல்லாத்தையும் ஏத்தி நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துல (மொத்தச் சந்தை) அன்னைக்கு என்ன விலையோ அதுக்கு மாட்டிக்க மாட்டாரு.

*மகன், 11.46*
மாடு பத்தி யாரும் சொல்லலையே. எரு அதுலதானே?

*தங்கச்சி, 11.55*
ஒரு பிரீசியன் மாடு. பச்சைப் புல்லு நாளைக்கு 40, 50 கிலோ, சாணி 15 கிலோவுக்கு மேல. பட்டியில இருந்து சாணி ஒரு குழிக்கு, மூத்திரம் தனியா ஒரு சின்னக் குழிக்கு, அங்க இருந்து எருக் குவியல்ல ஊத்துறது. குவியலுக்கு மேல தகரம். மழையில நனைஞ்ச எருவுல சத்து எல்லாம் கானோட போயிரும். கறக்குறதுக்கு முன்ன ஒவ்வொரு காம்புலயும் முதல் பாலை கருப்புத் துணியில பீச்சிப் பாப்பாரு. திரிஞ்சு கட்டி கட்டியா வந்தா மடிநோய். அந்தக் காம்புப் பாலு கேனுக்குப் போகாது. வாளியில எல்லாத்தையும் ஒண்ணாக் கறந்துட்டா முழுப் பாலும் திருப்பி வந்துரும்.

*பெரியண்ணன், 12.10*
2021ஐ எழுதணுமா? அந்த நேரம் நெறையப் பேரு அப்பாகிட்ட வந்து கேட்டாங்க.

*பணியலய மாமா, 12.24*
எழுதுங்க. மே மாசம் அரசாங்கம் நாட்டுக்குள்ள ரசாயன உரம் கொண்டு வர்றதை நிப்பாட்டுனாங்க, நவம்பர்லதான் விட்டாங்க. மத்தவங்க இருக்கிற எருவ அரை ஏக்கருக்கும் பரப்பிப் போட்டு எல்லாத்தையும் கெடுத்தாங்க. அத்தான் கிழங்கை 20 பேர்ச்சுல இருந்து 10க்குக் குறைச்சாரு. இருந்த எரு முழுசும் அந்தப் பத்துக்கு. மிச்சத்துல போஞ்சியும் ராபுவும். போஞ்சி வேரு முடிச்சுல தானாவே தழைச்சத்தைப் பிடிக்கும், யூரியா அவ்வளவா கேக்காது. கிழங்கு சிறுத்துத்தான் வந்துச்சு, அதை மறைக்க வேணாம். ஆனா விதைக்கு ஆச்சு.

*மகன், 12.31*
மாமா, கார்த்திகையில தோண்டுன விதை அட்டல்ல (பரண்) தட்டுல இருக்கு. கொஞ்சத்துல முளை நீளமா வெள்ளையா வந்துருக்கு. மாசிக்கு ஆகுமா?

*பணியலய மாமா, 12.43*
வெளிச்சம் பத்தல. நேர் வெயில் வேணாம், ஆனா வெளிச்சம் வரணும். முளை கட்டையா பச்சையா ஒரு விரக்கடைக்குள்ள நிக்கணும். நீண்ட முளை நடுறப்ப ஒடிஞ்சிரும். தகரக் கூரையில ஒரு தகரத்தை எடுத்துட்டு வெளிச்சத் தகரம் போடு. தட்டுல ரெண்டு அடுக்குக்கு மேல வைக்காத. கிழங்கோட கண்ணுல கறுப்பா துகள் மாதிரி இருந்தா அந்துப்பூச்சி புகுந்துருக்கு, அதைப் பொறுக்கி எரிச்சிரு. இது எத்தனாவது தலைமுறை விதை?

*மகன், 12.45*
மூணாவது. வாங்கினது கிரனோலா இனம்.

*பணியலய மாமா, 12.52*
அப்ப இதோட முடி. அதுக்கு மேல வைரஸ் சேர்ந்து எலை சுருளும், விளைச்சல் எறங்கும். அடுத்த போகத்துக்கு அரசாங்க விதைப் பண்ணையில இப்பவே சொல்லி வை. நாளைக்குக் காலையில வர்றேன், விதையப் பிரிச்சுப் பாப்போம். ரெண்டு வெறும் கூடை எடுத்து வை.