முழவுத் தொகுதியும் முழவமைவும்: ட்ரம் செற்றுக்கான சொற்கள் பற்றி

அன்புடையீர்,

ட்ரம் வாசிக்கும் நண்பர்கள் தத்தம் கருவிகளின் படங்களையும் அளவுகளையும் பகிரத் தொடங்கிய இந்த இழை, கடந்த சில மடல்களில் சொல் விவாதமாக மாறியிருப்பதால், நானும் அதை மட்டும் எடுத்துக்கொண்டு என் முன்மொழிவை எழுதுகிறேன். இதுவரை கருவிக்கு "முரசுத் தொகுப்பு", "பறைக்கூட்டம்", "தாளக்கருவித் தொகுதி" என்னும் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் கருவியைப் பெயரிடுவதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் பகிரப்படும் மடல்களைப் படித்தால், பாதிக்கு மேல் பேசப்படுவது கருவியை எந்த உயரத்தில், எந்தச் சரிவில், எவ்வளவு தொலைவில் வைத்து வாசிக்கிறோம் என்பதுதான். திருகோணமலையில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். இங்கே சொந்தமாக ட்ரம் செற் வைத்திருப்பவர் குறைவு. தேவாலய மண்டபத்திலோ இசைக்குழுவின் பொறுப்பாளர் வீட்டிலோ ஒன்று இருக்கும், பலர் அதில் வாசிப்பார்கள். ஞாயிறு காலை ஆராதனைக்கு வாசித்தவர் எழுந்து போனபின், மாலையில் பைலா என்னும் ஆட்டப்பாட்டு வாசிக்க வருபவர் முதலில் செய்வது இருக்கையை உயர்த்துவதும் சிம்பல்கள் எனப்படும் உலோகத் தட்டுகளைத் தாழ்த்துவதும்தான். கருவி அப்படியே இருக்க, அது வைக்கப்பட்ட முறை ஒரே நாளில் இரண்டு தடவை மாறுகிறது. ஆகவே நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும்.

வைக்கும் முறைக்கு நாம் இப்போது பேச்சில் "செட்டப்" என்கிறோம். தமிழ்ப் படங்களின் புண்ணியத்தால் அந்தச் சொல்லுக்குப் போலி ஏற்பாடு என்ற மணமும் சேர்ந்துவிட்டது, "உங்கள் செட்டப் என்ன?" என்று ஒரு பெரியவரிடம் கேட்க எனக்குக் கூச்சமாகவே இருக்கும். "அமைப்பு" என்றால் நம் பக்கத்தில் சங்கம், நிறுவனம் என்றே முதலில் பொருள்படும். மட்டக்களப்பு அன்பர் இதற்கு முன்மொழிந்த "முழவுக்கோலம்" அழகான சொல் (முழவு ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்). மணக்கோலம், போர்க்கோலம் ஆகியவற்றோடு இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது. ஆனாலும் அதை நான் ஏற்கத் தயங்குகிறேன். இலங்கைக் கணிதப் பாடநூல்கள் "எண் கோலங்கள்" என்று எழுதுவதால், திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கையே இங்குள்ள மாணவர் கோலம் என்று புரிந்துகொள்கின்றனர். ட்ரம் வாசிப்பவருக்கோ அந்தப் பொருளில் ஒரு சொல் நாளாந்தம் தேவைப்படுகிறது. ஒரு பாட்டு முழுவதும் மீண்டும் மீண்டும் வரும் அடியை வேறு எதனால் சொல்வது? "தாளக்கோலம்" என்பதை அதற்கு ஒதுக்கி வைப்போம். வைக்கும் முறைக்கு "அமைவு" போதும், முழுச்சொல்லாக "முழவமைவு". வலக்கை அமைவு, இடக்கை அமைவு என்று பிரிக்கவும் அது இடம் கொடுக்கிறது. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் இடக்கையராக இருந்தும் வலக்கை அமைவிலேயே வாசித்தவர் என்ற செய்தியை இச்சொற்களால் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

இனிக் கருவிக்கான சொல். "முரசு" போரையும் அரசையும் நினைவூட்டுவது. ஒரு மண்டப மூலையில் இருக்கும் கருவிக்கு அது பொருந்தவில்லை. "பறை" என்பதை இலேசாகத் தள்ள முடியாது. தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணும்போது தோற்கருவிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராகப் பறை என்றே சொல்கிறது. எனினும் கிழக்கில் பறைமேளக் கூத்து என்று ஒரு கலையே அந்தச் சொல்லின் மீது நிற்கிறது. அதை ஆடுபவர்களிடமும் அடிப்பவர்களிடமும் கேளாமல், அவர்களுடைய கருவியின் பெயரை எடுத்து மேலைக் கருவிக்குச் சூட்டுவது முறையன்று என்பது என் கருத்து. எஞ்சுவது "முழவு". சிலப்பதிகார அரங்கேற்று காதையின் உரையில் அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு என்று வகுத்துக்கொண்டு போகையில் முழவையே இனப்பெயராக ஆண்டிருக்கிறார். இன்றைய வழக்கில் அச்சொல் எந்த ஒரு கருவியையும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதும் வசதி. ஆகவே ட்ரம் செற்றுக்கு "முழவுத் தொகுதி" என்பது என் முன்மொழிவு.

"முழவில் சிம்பல் அடங்காதே, பிறகு எப்படி முழுத்தொகுதிக்கும் அந்தப் பெயர்?" என்று கிண்ணியா அன்பர் கேட்டிருந்தார். அடங்காது என்பதுதான் இங்கே பயன்படுகிறது. உலகெங்கும் ட்ரம் செற்றை எண்ணும்போது தோல் போர்த்திய கருவிகளை மட்டுமே எண்ணுகிறார்கள். சிம்பல்கள் பெரும்பாலும் தனியாக வாங்கப்படுபவை, எனவே கணக்கில் சேர்வதில்லை. ஐந்து எனப்படும் தொகுதியில் காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய பாஸ் ட்ரம், கீழே கம்பிச் சரங்கள் கொண்ட ஸ்நெயார், தாங்கியில் ஏற்றிய இரண்டு டொம், தரையில் நிற்கும் ஒரு ஃப்ளோர் டொம் ஆகியவை இருக்கும். எத்தனை சிம்பல் சேர்ந்தாலும் அது ஐந்துதான். "ஐம்முழவுத் தொகுதி" என்றால் இந்தக் கணக்கு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. சிம்பலுக்கு நம் பழைய பகுப்பில் கஞ்சக்கருவி என்ற இனம் தயாராக இருக்கிறது. கஞ்சம் என்பது வெண்கலம். உயர்தரச் சிம்பல்கள் பல, நூற்றுக்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தால் ஆனவை என்பதால், பெயர் பொருளோடும் ஒத்துப்போகிறது. "ஐம்முழவு, நாற்கஞ்சம்" என்ற இரண்டு சொற்களில் ஒருவருடைய கருவி கண்முன் வந்துவிடும்.

காலால் இயக்கும் சிம்பல் இணையான ஹைஹெற்றுக்கு "உயர்தொப்பி" என்று ஒரு மடலில் பார்த்தேன். மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்குத் தொப்பி என்ற பெயர் ஏற்கெனவே வழங்குவதால், தாளக்கருவி தெரிந்தவர் இதைப் படித்து வேறெங்கோ போய்விடுவார். அந்தக் கருவி வளர்ந்த வழியைப் பார்த்தால் பெயர் தானே கிடைக்கும். காலால் மிதித்து ஒன்றோடொன்று மோதவிடும் இரண்டு சிறு சிம்பல்கள் முதலில் தரையை ஒட்டியே இருந்தன. 1920களின் பிற்பகுதியில் அவற்றைத் தாங்கும் தண்டை உயர்த்தி, கோலாலும் அடிக்கக்கூடியதாக ஆக்கினார்கள். உயரம் பின்னால் வந்தது, மிதிதான் அடிப்படை. கோயிலில் நாம் தாளம் என்று சொல்லும் கருவியைக் கால் வாசிக்கிறது என்றே கொள்ளலாம். ஆனால் "மிதிதாளம்" என்றால் ஆதி, ரூபகம் என்னும் தாளக் கணக்கோடு குழம்பும்; ஆகவே "மிதிகஞ்சம்". இணையாக இருந்தாலும் எண்ணும்போது ஒன்று.

அதே வழியில் பாஸ் ட்ரம் "மிதிமுழவு" ஆகிறது. 1909இல் லட்விக் சகோதரர்கள் வேகமாக இயங்கும் மிதியைச் செய்து விற்கத் தொடங்கிய பின்னரே, இரண்டு மூன்று பேர் வாசித்ததை ஒருவர் உட்கார்ந்து வாசிப்பது பரவலாயிற்று. பெயரில் மிதி இருப்பது தகும். ஸ்நெயாரின் கீழ்முகத்தில் இழுத்துக் கட்டிய கம்பிச் சரங்களே அதன் சலசலப்புக்குக் காரணம் என்பதால் "சரமுழவு". டொம்முக்கு "ஏற்றுமுழவு", ஃப்ளோர் டொம்முக்கு "நிலைமுழவு". இவற்றில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

முகத்தைப் பற்றிச் சற்று நிதானிக்க வேண்டும். "மேல்தோல், கீழ்த்தோல்" என்று பலர் எழுதுகிறார்கள். 1950களின் பிற்பகுதியிலிருந்து ட்ரம்முக்குப் பெரும்பாலும் பொலியெஸ்ரர் படலமே போர்த்தப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மத்தளத்தின் தோல் தளர்ந்துபோகும் நம் ஊரில் அதன் அருமை சொல்லாமலே விளங்கும். எனவே பொருளைக் குறிக்காத "முகம்" நல்லது; திருவாரூர்க் கோயிலின் பஞ்சமுக வாத்தியத்தின் பெயரிலும் அதுவே உள்ளது. அடிக்கும் முகத்தை "அடிமுகம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடி என்பதற்குக் கீழ்ப்பக்கம் என்ற பொருளும் இருப்பதால், மேலே இருப்பதைக் கீழே என்று வாசித்துவிடுவார்கள். "கொட்டுமுகம்" என்றும், மறுபக்கத்தை "அதிர்முகம்" என்றும் சொல்லலாம். அளவு எழுதும்போது "முகவிட்டம்", "ஆழம்" என்ற சொற்களைச் சேர்த்தே எழுத வேண்டுகிறேன். சில நிறுவனங்கள் விட்டத்தையும் வேறு சில ஆழத்தையும் முதலில் போடுவதால், வெறுமனே 16×14 என்று எழுதினால் நிலைமுழவில் எது எது என்று தெரியாது.

இச்சொற்கள் வாக்கியத்தில் எப்படி நிற்கின்றன என்று பார்க்க, நான் வாசிக்கும் மண்டபத்துக் கருவியை எழுதிக் காட்டுகிறேன். ஐம்முழவு, நாற்கஞ்சம், வலக்கை அமைவு. மிதிமுழவு முகவிட்டம் 22 அங்குலம், ஆழம் 18. சரமுழவு முகவிட்டம் 14, ஆழம் 5.5, ஏற்றுமுழவுகளின் முகவிட்டம் 10, 12, நிலைமுழவு 16. மிதிகஞ்சம் 14, ஓங்கி அடிக்கும் கிராஷ் சிம்பல்கள் 16, 18, தொடர்ந்து தாளம் பிடிக்கும் ரைட் சிம்பல் 20. இருக்கை, தொடை முழங்காலை நோக்கிச் சற்றே சரியும் உயரத்தில். சரமுழவின் விளிம்பு தொடைக்குச் சற்று மேலே. ஏற்றுமுழவுகள் கிட்டத்தட்டத் தட்டையாக. ரைட், வலக்கை நீளாமலே எட்டும் இடத்தில். விரிப்பில் ஒவ்வொரு தாங்கியின் கால் நிற்கும் இடத்தையும் ஒட்டுநாடாவால் குறித்திருக்கிறோம்; வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம்.

கிராஷ், ரைட் இரண்டையும் வேண்டுமென்றே அப்படியே விட்டிருக்கிறேன். கடையிலும் மேடையிலும் அவை நன்றாக ஓடுகின்றன. ஒரே இழையில் எல்லாவற்றையும் மாற்றினால் எதுவும் ஒட்டாது. ஆனால் "கொட்டுமுகம்" பற்றி, கூத்துக்கு மத்தளம் அடிக்கும் அண்ணாவிமாரிடம் யாராவது கேட்டு எழுதினால் நல்லது. அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால், என்னுடையதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து