எபிங்காஸின் அசைகளுக்குத் தமிழ்ச் சொல் – வியாழனுக்குள் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

கல்வியியல் மாணவர்களுக்கான 'நினைவும் மறதியும்' பாடம் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் 1879-80இல் மெய்-உயிர்-மெய் என்று அமைந்த ஏறத்தாழ 2,300 ஓசைத் துண்டுகளைச் செய்து, தாமே மனப்பாடம் செய்து, மறந்தபின் மறுபடி படித்தார். அந்தத் துண்டுகளுக்கு ஒரு பெயர் வேண்டும். என்னிடமுள்ள பழைய குறிப்பில் 'பொருளற்ற சொற்கள்' என்றிருக்கிறது. மனம் ஒப்பவில்லை.
கயல்

---

அம்மா,

ஒப்பாததில் வியப்பில்லை. "எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே" என்கிறார் தொல்காப்பியர். பொருளற்ற சொல் முயற்கொம்பு. 'வெற்றசை' என்று போடுங்கள். அவருடைய துண்டு நம் நேரசையேதான். யாப்பிலக்கண நூலான காரிகையில் நேரசைக்கு வரும் 'ஆழி வெள்வேல்' நினைவிருக்கிறதா? வெள், வேல். இரண்டும் மெய்-உயிர்-மெய்.
புலவர்

---

ஐயா,

வெள், வேல் இரண்டுக்கும் பொருள் உண்டே! கல், பல், வில், நெல் என்று எதைத் தொட்டாலும் பொருள் வந்து நிற்கிறது. வகுப்பில் 'பொத்', 'டம்' என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேலும் செய்யுளில் பொருளின்றி வரும் 'மாதோ', 'அரோ' போன்றவற்றை அசைச்சொல் என்று படித்தவன் 'வெற்றசை'யையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவான். 'பொருளில் ஓசை' என்றால் என்ன?
இளங்கோ

---

'பொருளில் ஓசை' என்றால் பொருளுக்குள் இருக்கும் ஓசை என்று படிப்பார்கள். இலக்கணம் இடம் கொடுத்தாலும் மாணவன் கொடுக்கமாட்டான்.

ஒரு கிளைச்செய்தி. எபிங்காஸ் ஆங்கிலக் கவிஞர் பைரனின் 'டான் ஜுவான்' பாடல்களையும் மனப்பாடம் செய்தார். பொருளற்ற துண்டுகளுக்கு ஆன முயற்சியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே ஆயிற்று. பொருளும் சந்தமும் செய்யும் வேலை அது! நாம் தேமா, புளிமா ஒப்பித்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நம்மிடம் உண்மையான வெற்றோசை, பாட்டின் சந்தத்தை மட்டும் காட்டும் சந்தக்குழிப்பில்தான் இருக்கிறது: தனன, தந்தன. 'குழிப்பசை' என்று ஒரு சொல்லை முன்வைக்கிறேன்.
மணி

---

குழிப்பசையா! புத்தகம் ஒட்டுவதற்கா?

அசை என்பதன் வேரைப் பாருங்கள். அசைதல், அசைவு, மாடு அசைபோடுதல். படித்ததை மறுபடி மறுபடி வாயில் போட்டு மென்றவர் எபிங்காஸ். 'அசை' அவருக்கென்றே அமைந்த சொல்.
புலவர்

---

ஐயாவின் மாட்டை அங்கேயே கட்டிவிட்டு பாடத்துக்கு வேண்டிய இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். மறுபடி படிக்கையில் எவ்வளவு நேரம் குறைந்தது என்பதே அவருடைய அளவுகோல்: ஒரு நாள் கழித்து 33.7 சதவீதம், 31 நாள் கழித்து 21.1 சதவீதம். இந்தக் குறைவுக்குச் 'சேமிப்பு' என்று பெயரிட்டால் அஞ்சலகக் கணக்குப் புத்தகம் கண்முன் வருகிறது. 'மிச்சம்' போதுமா?
கயல்

---

'எச்சம்'. வள்ளுவர் வாக்கு இருக்கிறது: "எச்சத்தாற் காணப்படும்".
புலவர்

---

ஐயா, பெயரெச்சம், வினையெச்சம், காக்கை எச்சம் என்று ஏற்கெனவே மூன்று. நான்காவது வேண்டாம். 'நேரம் மிச்சம்' என்று வீட்டில் சொல்வதுதானே? மிச்சமே இருக்கட்டும்.
இளங்கோ

---

பக்கங்களை அனுப்பிவிட்டேன். 'வெற்றசை', 'மிச்சம்'. முதல் சொல்லுக்கு நால்வரில் இருவர், என்னையும் சேர்த்து. மணி மறுமொழி தரவில்லை. எல்லோருக்கும் நன்றி.
கயல்

---

மணி உறங்கிப் போயிருந்தான். 'குழிப்பசை'யை இன்னும் கைவிடவில்லை. அடுத்த பதிப்பு எப்போது?