வைப்பர், சைடு மிரர் உறைந்துபோன அனுபவம் உண்டா? இங்கே எழுதுங்கள்

வெள்ளைக்கோடு:
முன்கண்ணாடியில் பீய்ச்சும் வாஷர் திரவத்தின் பாட்டிலில் மைனஸ் 20 டிகிரி வரை உறையாது என்று போட்டிருந்தது. வெளியே மைனஸ் 7தான். நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரி சேற்றுத் தண்ணீரை வாரி அடிக்க, வாஷரை ஒரு இழு இழுத்தேன். வைப்பர் மேலே போய்க் கீழே வருவதற்குள் கண்ணாடி முழுக்க வெள்ளை. லாரியின் பின்விளக்கு இரண்டு சிவப்புத் திட்டாகத் தெரிந்தது, அடுத்த நொடி அதுவும் இல்லை. பக்கத்து ஜன்னல் வழியாக ஓரக்கோட்டைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஒதுக்கினேன். திரவத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை. அப்புறம் எப்படி உறைந்தது? இப்போதும் அந்த நெம்புகோலில் கை வைக்கவே யோசனையாக இருக்கிறது. மிரரோ வைப்பரோ, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

இரவுப்பணி:
என் கதை வைப்பர். மழை சென்சார் வைத்த வண்டி. ராத்திரி ஈரப்பனி பெய்து அப்படியே இறுகியிருந்தது. ஸ்டார்ட் செய்ததும் சென்சார் தானாகவே வைப்பரை ஓட்டப் பார்த்தது. பிளேடு ஐஸில் ஒட்டியிருக்கிறது, மோட்டார் விடவில்லை. 'கிர்ர்ர்' என்று ஒரு முனகல், பிறகு 'டக்'. அதற்குமேல் ஓட்டுநர் பக்கத்துக் கை அசையவே இல்லை, மற்றது மட்டும் ஒய்யாரமாகப் போய் வந்துகொண்டிருந்தது. மோட்டாருக்கு ஒன்றுமில்லை, ஃப்யூஸும் போகவில்லை. கையைத் தண்டில் பிடித்து வைக்கும் நட்டுக்குக் கீழே நுணுக்கமான பற்கள் இருக்குமே, அவை தேய்ந்து வழுக்கிவிட்டன. ஆட்டோ வைப்பர் வைத்திருப்பவர்கள் வண்டியை நிறுத்தும் முன்பே அதை ஆஃப் செய்துவிடுங்கள். காலையில் செய்யலாம் என்றால் நேரம் கடந்திருக்கும்.

பழைய டீசல்:
வெள்ளைக்கோடு, எனக்கும் ஒரு பாலத்தின் மேல் இதேதான் நடந்தது. காரணம் சொல்கிறேன். அந்தத் திரவம் உறையாமல் இருப்பது அதிலுள்ள ஆல்கஹாலால்தான். வேகமாகப் போகும்போது எதிர்காற்று அடிக்கிறது, மெல்லிய படலமாகப் பரவிய திரவத்திலிருந்து ஆல்கஹால் முதலில் ஆவியாகிவிடும். ஆவியாகும்போது கண்ணாடியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மிச்சம் நிற்பது பெரும்பாலும் தண்ணீர். அது உறையாமல் என்ன செய்யும்? பாட்டிலில் போட்டிருக்கும் மைனஸ் 20, திரவம் தொட்டிக்குள் இருக்கும்போதுதான் பொருந்தும். ஹீட்டர் காற்றைக் காலுக்கு விடாமல் முன்கண்ணாடிக்குத் திருப்பி, கண்ணாடி வெதுவெதுப்பான பிறகு வாஷரைத் தொடுங்கள்.

இன்னொன்று. கோடைத் திரவத்தை மாற்றிக் குளிர்காலத் திரவம் ஊற்றினாலும் குழாயிலும் நாசிலிலும் பழையது நிற்கும். புதுத் திரவத்தின் வாடை வரும்வரை பீய்ச்சிவிட வேண்டும். நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி நிறுத்திவிடுங்கள், ஒட்டாது. பானெட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் வைப்பரை அப்படியே தூக்கினால் பெயின்ட் உரசும், பல வண்டிகளில் வைப்பரைத் தூக்க வசதியாக மேலே கொண்டுவந்து நிறுத்தும் சர்வீஸ் நிலை இருக்கிறது, கையேட்டில் போட்டிருப்பார்கள். காலையில் கொதிநீர் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு கும்பிடு. கண்ணாடி விரியும். விரியாவிட்டாலும் அந்தத் தண்ணீர் வழிந்துபோய் வைப்பரின் அடியில், இணைப்புக் கம்பிகள் இருக்கும் பள்ளத்தில் உறைந்து உட்காரும். உப்புத் தண்ணீரும் வேண்டாம், துரு பிடிக்கும்.

மழைத்துளி:
"தூக்கி நிறுத்திவிடுங்கள்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறீர்கள் பழைய டீசல் சார்! எங்கள் வீட்டு வண்டியில் தூக்கித்தான் வைத்திருந்தோம். ராத்திரி காற்று. கை ஸ்பிரிங் விசையோடு திரும்பி வந்து கண்ணாடியில் அறைந்திருக்கிறது. காலையில் பார்த்தால் கீழ் மூலையில் நகக்கண் அளவு கீறல், அவ்வளவுதான். கண்ணாடியைச் சூடாக்கும் டீஃப்ராஸ்டரைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். சூடு ஏற ஏற அந்தக் கீறல் என் கண்ணெதிரே மேலே ஊர்ந்தது. சத்தமே இல்லை. சற்று நிற்கும், மறுபடி நகரும். ஹீட்டரை நிறுத்துவதற்குள் பாதிக் கண்ணாடியைத் தாண்டிவிட்டது. இப்போதெல்லாம் வைப்பரைப் படுக்கவிட்டு மேலே உறை போட்டு, அதன் ஓரத்தைக் கதவிடுக்கில் கொடுத்து மூடிவிடுகிறேன். கண்ணாடி காய்ந்திருந்தால்தான் உறை போட வேண்டும், ஈரத்தில் போட்டால் உறையே ஒட்டிக்கொள்ளும்.

பழைய டீசல்:
காற்றடிக்கிற ராத்திரி என்று தெரிந்தால் தூக்க வேண்டாம்தான். அதற்காகத் தூக்கவே கூடாதா?

மழைத்துளி:
காற்று என்னிடம் சொல்லிவிட்டா வருகிறது?

ஓரநிழல்:
மிரர் கதையை யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். பூட்டினால் தானாக மடங்கும் மிரர். காலையில் திறந்ததும் ஒன்று விரிந்தது, இன்னொன்று பாதியில் நின்று 'கட கட கட' என்று அடித்துக்கொண்டே இருந்தது. கீல் இடுக்கில் ஐஸ். கையால் தள்ளலாமா என்று பதறிய மனைவியைத் தடுத்துவிட்டேன், உள்ளே இருப்பது சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம். வண்டி சூடாகட்டும் என்று காத்திருந்தோம், அந்தக் 'கட கட' மட்டும் நிற்கவே இல்லை. கடைசியில் டீ-ஐசர் அடித்து இளக்கினோம். குளிர்காலம் முழுக்கத் தானாக மடங்குவதை மெனுவில் அணைத்து வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம் கவனித்தேன். சுவரை ஒட்டி நின்ற பக்கத்து மிரரில் பனியே இல்லை, திறந்த பக்கத்தில்தான் அப்பியிருந்தது. மேகமில்லாத ராத்திரியில் வானத்தைப் பார்த்திருக்கும் பரப்புகள் தம் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்று 2, 3 டிகிரியில் இருந்தாலும் கண்ணாடி உறைநிலைக்குக் கீழே போய்விடும். அதனால்தான் மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

கைவைத்தியம்:
இவ்வளவு எதற்கு? மூன்று பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீர் கலந்து ராத்திரியே கண்ணாடியிலும் மிரரிலும் தெளித்துவிடுங்கள். எனக்கு ஒருநாளும் உறைந்ததில்லை. மிரருக்குப் பிளாஸ்டிக் பை கட்டி ரப்பர் பேண்டு போட்டால் அதுவும் போதும்.

ஓரநிழல்:
பை சரி. வினிகர்? கடையில் கிடைக்கும் 5 சதவீத வினிகரே மைனஸ் 2 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். அதில் இன்னும் தண்ணீரா? உங்கள் ஊரில் அதற்குமேல் குளிரவில்லை என்று அர்த்தம். ஆல்கஹால் என்றால் ஒத்துக்கொள்வேன், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது, வண்டிக்குள் அடிக்கவும் கூடாது.

இரவுப்பணி:
ஹீட்டர் உள்ள மிரராக இருந்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. பல வண்டிகளில் பின்கண்ணாடி டீஃப்ராஸ்டர் பட்டனோடு சேர்ந்தே அது வேலை செய்யும், தனிப் பட்டன் தேடி அலையாதீர்கள். ஸ்க்ரேப்பரால் மிரரை மட்டும் அழுத்திச் சுரண்டாதீர்கள்.

கைவைத்தியம்:
நான் பட்டதைச் சொன்னேன், நம்பாதவர்கள் சுரண்டிக்கொண்டே இருங்கள்.

வெள்ளைக்கோடு:
பழைய டீசல் அண்ணே, ஹீட்டரை அன்று காலுக்குத்தான் வைத்திருந்தேன், நீங்கள் சொன்னது பொருந்துகிறது. இன்னொரு சந்தேகம்: பனி பெய்துகொண்டிருக்கும்போது நிறுத்தினால், கண்ணாடியைச் சூடாக விட்டுவிட்டுப் போகலாமா?

பழைய டீசல்:
கூடாது. சூட்டில் விழும் பனி உருகி வைப்பர் அடியில் தேங்கும், வண்டி ஆறியதும் ஐஸாகும். போய்ச்சேரக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே ஹீட்டரைக் குறைத்துவிடுங்கள். பனி பெய்யாத ராத்திரி என்றால் நேர்மாறு, காய வைத்துவிட்டு இறங்குங்கள்.