ஆக்கிரமித்த துறைமுகத்தில் அகப்பட்ட நடுநிலைக் கப்பல்கள்: இழப்பீடு தந்தால் போதுமா?

ராயபுரம் ஷிப்பிங் ஏஜென்ட்:
1870 டிசம்பரில், பிரான்சுக்கும் ஜெர்மன் அரசான பிரஷ்யாவுக்கும் நடந்த போரில், பிரான்சின் ரூவான் பகுதியைப் பிடித்திருந்த பிரஷ்யப் படை, பிரெஞ்சுப் பீரங்கிப் படகுகள் சேன் ஆற்றில் ஏறி வராமல் தடுக்க, அந்த ஆற்றங்கரை ஊரான துய்க்ளேரில் நின்ற ஆறு பிரிட்டிஷ் நிலக்கரிக் கப்பல்களை மூழ்கடித்தது. பிரிட்டன் அந்தப் போரில் நடுநிலை நாடு. பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டதோடு விவகாரம் தீர்ந்தது என்று இங்கே சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கப்பல் புறப்படத் துறைமுகம் தரும் அனுமதியான போர்ட் கிளியரன்ஸ் ஒரு நாள் தள்ளிப்போனாலே, கேங்வேயின் மேல்படியில் கேப்டன் காகிதக் கட்டோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கப்பல்தான் வீடு.

உயர் நீதிமன்ற வழக்கறிஞர்:
ஐயா, அவசரத் தேவைக்கு நடுநிலைக் கப்பலை எடுத்து, பின்னர் ஈடு கொடுக்கும் உரிமைக்கு 'ஆங்கரி' என்று பெயர். பிஸ்மார்க்கும் அதைத்தான் காட்டினார். 1918 மார்ச்சில் அமெரிக்கா தன் துறைமுகங்களில் நின்ற 87 டச்சுக் கப்பல்களை அந்த உரிமையின் பேரிலேயே எடுத்துக்கொண்டது. தாராளம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, 1914 செப்டம்பர் 22 இரவு நம் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனே சாட்சி: அதற்குச் சில நாள் முன்பு அது போகவிட்ட லொரெடானோ என்ற நடுநிலை இத்தாலியக் கப்பல்தான் அதைப் பிரிட்டிஷாரிடம் காட்டிக்கொடுத்தது.

ராயபுரம் ஷிப்பிங் ஏஜென்ட்:
லொரெடானோ நடுக்கடலில் விடப்பட்ட கப்பல். ஆக்கிரமித்த துறைமுகத்தில் நிற்கும் கப்பலோ ஏற்கெனவே படையின் பிடிக்குள் இருக்கிறது. அது எங்கே ஓடிப்போய்ச் சேதி சொல்லும்? 2022இல் உக்ரைனின் மரியுபோல் துறைமுகத்தைப் பிடித்த ரஷ்யத் தரப்பினர், அங்கே சிக்கிய மால்டா, லைபீரியா கொடிக் கப்பல்களைத் தங்கள் சொத்து என்றே அறிவித்துவிட்டார்கள். உங்கள் ஆங்கரியில் இதற்கு இடமுண்டா?

உயர் நீதிமன்ற வழக்கறிஞர்:
இல்லை. ஆங்கரியில் உடைமை மாறுவதில்லை. தனியாரிடம் எடுத்த போக்குவரத்துச் சாதனங்களை ஆக்கிரமிப்புப் படை சமாதானத்தின்போது திருப்பித் தந்து ஈடும் கொடுக்க வேண்டும் என்பதே நிலப்போர் பற்றிய 1907 ஹேக் விதிகளின் 53ஆம் பிரிவு. அதுவும் கடற்போர்ச் சட்டத்துக்குள் வருபவற்றை ஒதுக்கிவிட்டே பேசுகிறது. மரியுபோலில் நடந்தது பறிப்பு. ஆனால் எதிரிப் படகு வரும் ஆற்றை அடைக்க வேறு வழியில்லாதபோது செய்ததை அதோடு சேர்க்காதீர்கள்.

ராயபுரம் ஷிப்பிங் ஏஜென்ட்:
வேறு வழியில்லை என்று தீர்மானித்ததும் கப்பலை மூழ்கடித்த அதே படைதானே? நடுநிலையான ஒருவர் முன்கூட்டியே அதைச் சோதிக்கும் ஏற்பாடு இல்லாதவரை, துய்க்ளேரையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.