பேரேட்டில் ‘தெனமலை’, ஆயா பாடுவது ‘தேன்மலை’: மின்பதிப்பில் எதை வைப்பது?

பள்ளத்தூர்ப் பேத்தி:

வணக்கம். பழனி நடைப்பயணச் சிந்து ஒன்றை மின்பதிப்பாக்கிக்கொண்டிருக்கிறேன். 46 அடிகளில் 18 அடிதான் முடிந்திருக்கிறது. முழுக்க முடித்துவிட்டுக் காட்டினால் திருத்த மனசு வராது, அதனால் இப்போதே கேட்கிறேன்.

எழுதியவர் என் ஆயாவின் அப்பச்சி, அதாவது பாட்டியின் அப்பா. ரங்கூனில் கணக்கெழுதிவிட்டு ஊர் திரும்பியவர். இரண்டாம் கட்டு அறையில் இருந்த பெட்டகத்தில் ஒரு பழைய பேரேடு கிடைத்தது. பற்றும் வரவும் முடிந்த இடத்துக்குப் பிறகு, கடைசி ஏழு பக்கங்களில் பாட்டு. குன்றக்குடியில் காவடியோடு புறப்பட்டு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று ஊர் ஊராகப் போகிறது.

இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து என்று வைத்திருக்கிறேன். சிக்கல் 12ஆம் அடியில். அவர் கணக்குப்பிள்ளைக் கையில் எழுதியிருக்கிறார்: புள்ளி கிடையாது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே ஒற்றைக்கொம்பு. ‘தெனமலை ஏறி’ என்று இருந்ததை ‘தென்மலை’ என்று பதிப்பித்தேன். ஆயாவிடம் வாசித்துக் காட்டியபோது கையை உயர்த்தி நிறுத்தினார். “தேன்மலைடீ. அப்பச்சி தேன்னுதான் இழுத்துப் பாடும்” என்றார்.

ஆயாவுக்கு 86 வயது. அவர் பாடுவதை அடிக்குறிப்பில் ‘வாய்மொழி வேறுபாடு’ என்று தள்ள எனக்கு மனமில்லை. ஆனால் எழுத்தில் இருப்பதை மாற்றவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஏடு படிப்பவன்:

அடுத்த அடி என்ன என்று பார்த்தீர்களா? உங்கள் படத்தில் ‘வானமழை போலக் கண்ணீர் வார்த்து’ என்று இருக்கிறது, அதாவது ‘வான்மழை’. எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். வான் நெடில், தென் குறில், தேன் நெடில். ஆயா பாடுவதுதான் சரி. ஏட்டிலும் அதுதான் எழுதியிருக்கிறது, நாம்தான் தவறாக வாசித்தோம்.

இருந்தாலும் ‘தெனமலை’ என்ற வடிவத்தை அழிக்காதீர்கள். மின்பதிப்புகளில் உரைக்குக் குறியிடப் பயன்படும் டி.இ.ஐ. முறையில் ‘சாய்ஸ்’ என்றொரு குறி உண்டு. ஏட்டில் உள்ளபடி ஒன்று, சீர்படுத்திய வடிவம் ஒன்று என இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கலாம். வாசகர் ஒரு பொத்தானை அழுத்தி மாற்றிப் பார்த்துக்கொள்ளட்டும். ஆயா உண்மையிலேயே வேறு சொல் பாடும் இடங்களுக்கு ‘ஆப்’ குறி, அது பாடபேதத்துக்கானது. இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

எழுத்துருக்காரன்:

ஒரு சின்ன விஷயம். படத்தில் ‘லை’ பழைய யானைக்கொம்பு வடிவத்தில் இருக்கிறது. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். அதற்கென்று தனிக் குறியெண் தேடி அலைய வேண்டாம். ஒருங்குறியில் இரண்டும் ஒன்றுதான், வேறுபாடு எழுத்துருவில் மட்டும்.

மேலே தேதியில் இருக்கும் ௵ ௴ ௳ குறிகளை ‘வருடம், மாதம், தேதி’ என்று விரித்து எழுதியிருக்கிறீர்கள். அப்படியே உள்ளிடுங்கள், ஒருங்குறியில் இருக்கின்றன. பேரேட்டின் கணக்குப் பக்கங்களையும் சேர்ப்பதாக இருந்தால், மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளும் 2019இல் வந்துவிட்டன. அவற்றைக் காட்டும் எழுத்துருவைப் பதிப்போடு சேர்த்தே கொடுங்கள், இல்லாவிட்டால் பலர் திரையில் வெறும் கட்டம்தான் தெரியும்.

கோட்டையூர் வாசகர்:

அம்மா, எங்கள் ஊர் ரோஜா முத்தையா பாட்டுப் புத்தகம், துண்டறிக்கை என்று எதையும் விடாமல் சேர்த்ததால்தான் சென்னையில் இன்று அவர் பேரில் நூலகம் நிற்கிறது. ஆனால் குரலைப் பெட்டகத்தில் வைக்க முடியாது. குறி போடும் வேலையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஆயாவை இந்த வாரமே பாடச்சொல்லிப் பதிவு செய்யுங்கள். காலைப் பலகாரம் முடிந்து, வீடு அமைதியாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். தப்பாகப் பாடினாலும் நடுவில் நிறுத்தாதீர்கள்.

பள்ளத்தூர்ப் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. எதுகையை நான் பார்க்கவே இல்லை. ‘தேன்மலை’ ஆகிவிட்டது, ‘தெனமலை’யும் பொத்தானுக்குப் பின்னால் இருக்கிறது. தேதிக் குறிகளையும் மாற்றிவிட்டேன்.

ஐயா, நேற்றுக் காலை பட்டாலையில் உட்காரவைத்துப் பதிவு செய்தேன். நடுவில் வாயே திறக்கவில்லை. சிங்கம்புணரி தாண்டியதும் ஆயா இரண்டு அடி கூடுதலாகப் பாடினார், பேரேட்டில் இல்லாதவை. காலில் முள் தைத்து உட்கார்ந்தவருக்கு வழியில் ஒரு பெண் மோர் கொடுத்ததைச் சொல்கின்றன. யார் சேர்த்தது என்று கேட்டேன். “எங்க ஆத்தா” என்றார், தன் அம்மாவைத்தான் சொன்னார்.

அந்த இரண்டு அடிக்கும் இடப்பக்கம் படம் கிடையாது. அங்கே ஒலிப்பதிவை வைக்கப்போகிறேன். அடி எண் எப்படிக் கொடுப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.